கணவரின் சம்மதத்துடனும் ஒப்புதலுடனும்

சென்ற மாதம் எங்கள் பழைய சட்டக் கந்தோரிலிருந்து அபி தொலைபேசி எடுத்தாள். இங்கே கனடாவில் பிறந்த பிள்ளை. இப்போது அங்கே இளம் சட்டத்தரணி. நான் லிகிதராக இருந்த மேசையில் இப்போது அவளுடைய பூச்சாடி இருக்கிறதாம்.

"அங்கிள், ஒரு யாழ்ப்பாணக் காணி ஃபைல் வந்திருக்கு. அந்த அன்ரி டொக்டர். சொந்தமா கிளினிக் வைச்சிருக்கிறா. அவ தன்ர லாண்டை விக்கிறதுக்கு ஹஸ்பண்ட் சைன் பண்ணோணுமாம். இஸ் திஸ் ஃபோர் றியல்?"

"றியல்தான் பிள்ளை."

"பட் வை, அங்கிள்?"

ஏன் என்று கேட்டால் தொலைபேசியில் சொல்லி முடிகிற விஷயமா? "எழுதித் தாறன், வாசிச்சுப் பார்" என்றேன். சொன்னால் சொன்னதுதான். ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை.

யாழ்ப்பாணத் தமிழருக்கென்று ஒரு சட்டம் உண்டு. தேசவழமை என்று பெயர். எங்கள் ஆட்களின் வழக்கங்களைக் கேட்டு எழுதிச் சட்டமாக்கியவர்கள் ஒல்லாந்தர். பிறகு வந்த ஆங்கிலேயர் அதில் சிலதை வெட்டினார்கள், சிலதை ஒட்டினார்கள். அந்தச் சட்டப்படி பெண்ணுக்குக் கொடுத்த சீதனக் காணி பெண்ணுக்கே சொந்தம். புருஷனுக்கு அதில் ஒரு சாண் நிலமும் இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் கலியாணம் கட்டிய பெண்ணுக்குக்கூட அப்படியொரு சொந்தம் இருக்கவில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காணியை விற்க, கொடுக்க, ஈடு வைக்க வேண்டுமென்றால் புருஷன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வெள்ளைக்காரன் கப்பலேறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. அந்த நிபந்தனை மட்டும் கப்பலேறவில்லை.

யாழ்ப்பாணத்தில் காணிப் பத்திரம் முடிக்கிற ஒரு நொத்தாரிசிடம் பன்னிரண்டு வருடம் உறுதி எழுதினேன். எழுதுகிற உறுதியில் கலியாணமான பெண்ணின் பெயர் வந்தால், "கணவரின் சம்மதத்துடனும் ஒப்புதலுடனும்" என்று கை தானாகவே எழுதிவிடும். திகதி போடுவதுபோல ஒரு பழக்கம். தனியே வருகிற பெண்களிடம் "புருஷனைக் கூட்டிக்கொண்டு வாணை" என்று சொல்லி அனுப்புவேன். ஒரு மனுசி மூன்று தரம் வந்தாள். மூன்று தரமும் புருஷன் குடிவெறியில் விழுந்து கிடந்தான். மூன்றாம் தரம் அவள் படி இறங்கிப் போனபோது நானும் நொத்தாரிசும் சிரித்தோம். என்னத்துக்குச் சிரித்தோமென்று இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பிறகு சண்டை, ஓட்டம், கனடா. ஐந்து வருடம் ஒரு பெட்டித் தொழிற்சாலையில் முதுகு முறிந்தேன். அப்போதுதான் ஸ்காபரோவில் ஒரு தமிழ்ச் சட்டத்தரணிக்கு ஊர் உறுதி வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஜசிந்தா மிஸ். தீவுப் பகுதிக் கத்தோலிக்கப் பெண். என்னைவிடப் பத்து வயது இளமை. என்னை அண்ணை என்பார், நான் மிஸ் என்பேன். நான் ஓய்வு பெற்ற நாள்வரை அது மாறவில்லை.

முதல் நாளே ஒரு உறுதியை என்னிடம் தந்து வாசிக்கச் சொன்னார். கடகடவென்று வாசித்தேன். அவ்வளவு வேகமாக வாசிக்க அந்த நாளையில் யாழ்ப்பாணத்தில் ஆள் இல்லை.

"கெட்டிக்காரன்தான்," என்றார். "ஆனா அண்ணை, உதில ஒரு சொல்லாவது அந்தப் பெம்பிளைக்கு விளங்கியிருக்குமோ?"

பன்னிரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி.

அவருடைய முறை வேறு. பெண்ணின் பெயரில் காணி என்றால் முதல் கால் மணித்தியாலம் அந்தப் பெண் தனியாகத்தான் உள்ளே போக வேண்டும். புருஷன் வெளியே. எங்கள் ஆட்களுக்கு இது லேசில் செரிக்குமா? பெண்சாதிக்குத் தலையிடி என்றாலும் டொக்டருக்குச் சொல்வது புருஷன்தானே! "அவவுக்கு ஒண்டும் தெரியாது, நான்தான் கதைக்கிறது" என்று கதவு மட்டும் வருவார்கள். மிஸ் எழுந்து நின்று, சிரித்த முகத்தோடு, "ஐயா, இராசதுரை அண்ணை உங்களுக்கு நல்ல தேத்தண்ணி ஒண்டு தருவார்" என்று சொல்லிக் கதவைச் சாத்துவார். அந்த ஐயாமாரின் சூட்டை ஆற்றுவது என் உத்தியோகம். எத்தனை பேரின் அரசியல் விளக்கத்தைக் கேட்டிருப்பேன்!

உள்ளே மிஸ் உறுதியை ஒவ்வொரு வரியாக வாசிப்பார். வடக்கு எல்லை ஒழுங்கை, கிழக்கு எல்லை இன்னாரின் காணி என்று அட்டவணை முழுவதையும். சில அம்மாக்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். "இல்லை மிஸ், மேற்கால கிணத்தில பாதிப் பங்கு எங்களுக்கு" என்று திருத்துவார்கள். வாசித்து முடிந்ததும், "இப்ப நீங்கள் என்ன செய்யப்போறியளெண்டு உங்கட வாயால சொல்லுங்கோ" என்பார். சொல்ல முடியாமல் கதவைப் பார்க்கிற பெண்ணுக்குப் பேனை கிடையாது. "போட்டு இன்னொரு நாளைக்கு வாங்கோ" என்று அனுப்பிவிடுவார். வெளியே நின்று குதிக்கிற புருஷனைப் பற்றி அவருக்குத் துளியும் கவலையில்லை. இப்படி ஒரு நெஞ்சுரத்தை நான் ஆண்களிடமும் கண்டதில்லை.

இனி பத்மாவதியின் கதைக்கு வருகிறேன். அபி கேட்ட கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

பத்மாவதிக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. புருஷன் குகதாசனை விட்டுப் பிரிந்து இருபது வருடம். அவன் பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டு தனியே இருந்தான். விவாகரத்து எடுக்கவில்லை. வலிகாமத்தில் அவளுக்கு நாலு பரப்புச் சீதனக் காணி. அதில் தங்கை இந்திரா ஒரு தகரக் கொட்டிலில் இருந்தாள். இந்திராவின் புருஷன் சண்டையில் செத்துப்போனான். இரண்டு பெண் பிள்ளைகள். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் அவள் பெயர் இருக்கிறது, ஆனால் காணி அவள் பெயரில் இல்லை. குறித்த நாளுக்கு முன் உறுதியைக் காட்டாவிட்டால் வீடு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

"எனக்கு அந்தக் காணி வேண்டாம் மிஸ்," என்றாள் பத்மாவதி. "மழை பெய்தா அவள் பிள்ளையளோட கோயில் மண்டபத்துக்கு ஓடுறாள். எழுதிக் குடுத்திட்டா எனக்கு நித்திரை வரும்."

"அவற்ற கையெழுத்து வேணும், அம்மா."

"கேட்டனான். தங்கச்சியைக் கொண்டும் கேப்பிச்சனான். மாட்டாராம்."

விவாகரத்துப் பற்றி மிஸ் கேட்டார். இங்கே எடுத்து, அதை அங்கே ஏற்கச் செய்வதற்குள் அந்த நாள் போய்விடும். மிஞ்சியது ஒரே வழி. புருஷன் நியாயமில்லாமல் மறுத்தால், மாவட்ட நீதிமன்றம் அவனுடைய சம்மதம் இல்லாமலே அனுமதி கொடுக்கலாம். அதுவும் அந்த ஆங்கிலேயர் காலத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம். மறுத்தான் என்பதற்குச் சான்று வேண்டும் என்று மிஸ் குகதாசனுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினார். வாங்கிக் கையெழுத்து வைத்தான், பதில் போடவில்லை. "நல்லது," என்றார் மிஸ். "அவர் பேசாமலே இருக்கட்டும். அதுதான் எங்கட சாட்சி."

அவன் பேசாமல் இருந்தான். என்னால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

குகதாசன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். இதை மிஸ்ஸிடம் நான் சொல்லவில்லை. அதுவே முதல் பிழை. எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தப் பிரச்சினை என்றாலும் யாராவது ஒரு ஆம்பிளை இடையில் போய், "ஒருக்கால் கதைச்சுப் பார்ப்பம்" என்று தொடங்க வேண்டும். வழக்கு, கோடு கச்சேரி எல்லாம் என்னத்துக்கு, நான் சொன்னால் மச்சான் கேட்பான் என்று எனக்கு ஒரு எண்ணம். ஒரு சனிக்கிழமை அஜின்கோர்ட்டில் பஸ் ஏறி, மாறி மாறிப் பிறம்ரன் போய்ச் சேர்ந்தேன். நான் ஒரு விசரன்!

நன்றாகத்தான் வரவேற்றான். மீன் பொரித்தான். பள்ளிக்கூடக் கதை கதைத்தோம். பிறகு நான் விஷயத்தை எடுத்தேன். அவன் முகம் மாறிவிட்டது.

"காணி அவளின்ர பேரில இருக்கலாம். கை என்ர," என்றான். "இருபது வருசமா என்னை ஒரு மனுசனா மதிக்காதவள். வந்து என்ர காலில விழுந்து கேக்கட்டும். யோசிக்கிறன்."

"அவளுக்கில்லையடா, தங்கச்சிக்கு. அடுத்த மாதம் இருபதாம் திகதிக்குள்ள உறுதி காட்டாட்டி அந்தப் பிள்ளையளுக்கு வீடு இல்லை."

"இருபதாம் திகதியோ?" என்றான். அவ்வளவுதான். எனக்கு இன்னொரு துண்டு மீன் வைத்தான்.

பத்து நாளில் அவனுடைய சட்டத்தரணியிடமிருந்து கடிதம் வந்தது. தான் ஒருபோதும் மறுக்கவில்லையாம். மனைவியோடு நேரில் பேசத் தயாராம். வேலைப் பளு காரணமாக அடுத்த மாதம் இருபத்தைந்தாம் திகதிக்குப் பிறகுதான் வசதிப்படுமாம்.

மிஸ் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். குரல் உயரவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் பதியும்.

"அண்ணை, அந்த இருபதாம் திகதி இவருக்கு எப்பிடித் தெரியும்?"

எல்லாவற்றையும் சொன்னேன். மீன் பொரித்தது வரை சொன்னேன். ஏசுவார், வேலையால் நிறுத்துவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எவ்வளவோ சுகம்.

"பத்மாவதி அம்மாவை வரச் சொல்லுறன்," என்றார். "நீங்களே அவவுக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். வேலை உடுப்போடேயே வந்திருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆம்பிளையும் ஆம்பிளையும் கதைச்சா முடிஞ்சிடுமெண்டு நினைச்சிட்டியள், என்ன அண்ணை?" என்றாள். "என்னைப் பெத்தவரும் அப்பிடித்தான் நினைச்சவர். அப்பாவும் அந்த மனுசனும் கதைச்சுத்தான் எனக்குக் கலியாணம் முடிஞ்சது."

எனக்குத் தரை பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது. ஐம்பத்தாறு வயதில் முதல்முறை ஒரு பெண்ணின் முன் அழுதேன். அவள்தான் மிஸ்ஸின் மேசையிலிருந்து எனக்குக் கண் துடைக்கக் கடதாசி எடுத்துத் தந்தாள்.

மிஸ் அந்தக் கடிதத்தை எங்கள் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "அவர் எழுத்தில மறுக்கேல்லை எண்டுறார். வாயால மறுத்திருக்கிறார். அதைக் கேட்ட ஆள் இஞ்ச இருக்கிறார். அண்ணை, சத்தியக் கடதாசி எழுதுங்கோ. அவர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல்."

அன்று பின்னேரம் முழுக்க எழுதினேன். ஒரே வாங்கில் இருந்து படித்தவனுக்கு எதிராகச் சத்தியம் செய்வதென்றால் லேசான காரியமா? "திரு. குகதாசன் சற்றுத் தயங்கினார்" என்று எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

மிஸ் பேனையால் அந்த வரியை வெட்டினார். "தயங்கினவரோ?"

"இல்லை, மிஸ்."

"அப்ப என்ன சொன்னவரோ அதை எழுதுங்கோ."

காலில் விழட்டும் என்று அவன் சொன்னதை எழுதினேன். காணி அவளின்ர, கை என்ர என்று சொன்னதையும் எழுதினேன். அதையும் வாசித்துவிட்டு, "ஒண்டு குறையுது," என்றார். "திகதியைச் சொன்னது நீங்கள். அதையும் எழுதோணும். உங்கட பிழையை ஒளிச்சா மிச்சத்தையும் நம்பமாட்டினம்."

அதையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன். குகதாசன் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கலியாண வீடுகளில் கண்டால் மற்றப் பக்கம் போவான். போகட்டும்.

யாழ்ப்பாணத்து நீதிபதி இரண்டு தவணையில் கட்டளை கொடுத்தார். கணவன் நியாயமின்றிச் சம்மதம் மறுத்திருக்கிறார், ஆகவே அவருடைய சம்மதமின்றி நன்கொடை உறுதி எழுத மனுதாரருக்கு அனுமதி. இருபதாம் திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது. ஊரில் ஒருவர் தனக்காகக் கையெழுத்து வைக்க அற்றோர்னித் தத்துவம் கொடுக்கப் பத்மாவதி கந்தோருக்கு வந்தாள். மிஸ் கட்டளையைத் தமிழில் வாசித்துக் காட்டினார். நான் அன்று தேத்தண்ணி போடவில்லை. மிஸ் என்னையும் உள்ளே இருக்கச் சொன்னார்.

எல்லாம் கேட்டு முடிந்ததும் பத்மாவதி பேனையை எடுத்தாள், கையெழுத்து வைக்கவில்லை.

"மிஸ், எனக்கு விளங்கினதைச் சொல்லட்டே? அவற்ற கைக்குப் பதிலா இப்ப நீதவான்ர கை. என்ன?"

"ஓம்."

"அப்ப என்ர கை இன்னும் வரேல்லை."

வேறு சட்டத்தரணி என்றால் வென்ற வழக்குக்கு ஏதாவது பூசி மெழுகியிருப்பார். மிஸ் அப்படிச் செய்யவில்லை.

"ஓம் அம்மா. வரேல்லை," என்றார்.

பத்மாவதி தலையை ஆட்டினாள். பிறகு இன்னொன்று கேட்டாள். "இந்திராவுக்கு நான் குடுக்கிற காணி. அவள் நாளைக்குத் தன்ர பிள்ளையளுக்குக் குடுக்கிறதெண்டா ஆற்ற கை வேணும்?"

"ஒருத்தற்ற கையும் வேண்டாம். அவ விதவை."

"பார்த்தியளே கூத்தை! நல்ல காரியத்துக்கு அவளை முன்னால வர விடமாட்டினம். ஆனா எங்கட சட்டத்தில தாலி இல்லாதவளுக்குத்தான் கை இருக்கு!" என்று சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். மிஸ்ஸும் சிரித்தார். பத்மாவதி சிரித்த முகத்தோடேயே குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளை போல உறுப்பாகக் கையெழுத்து வைத்தாள். அந்த மனுசியை நினைத்தால் இன்றும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. உறுதி பதினெட்டாம் திகதி பதிவானது. வீட்டுக்கு அத்திவாரம் வெட்டிய படத்தை இந்திரா அனுப்பியிருந்தாள். இரண்டு பிள்ளைகளும் வெட்டிய குழிக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள்.

கையெழுத்து வைத்த அன்று வீட்டுக்கு வரும்போது எனக்குள் ஒரு பெரிய மனுசன் வந்து குந்திவிட்டான். என் மனைவி தவமணிக்கும் ஊரில் சீதனக் காணி இருக்கிறது. கலியாணமாகி முப்பது வருடத்துக்கு மேல். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. நல்ல புருஷன் என்றபடியால் கேட்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் குசினியில் கறிக்குத் தாளித்துக்கொண்டு நின்றாள்.

"தவம், உம்மட காணியை ஆருக்கும் எழுத வேணுமெண்டா சொல்லும். நான் ஒரு மறுப்பும் சொல்லாமல் கையெழுத்து வைப்பன்," என்றேன்.

அவள் திரும்பவில்லை. "தெரியும். நீங்கள் வைப்பியள்."

"பிறகேன் இவ்வளவு நாளும் கேக்கேல்லை?"

"கேக்க வேண்டிக் கிடந்ததாலதான் கேக்கேல்லை."

கதிரையில் இருந்தேன். அடுப்பை நிற்பாட்டிவிட்டு அவளும் வந்து எதிரே இருந்தாள்.

"நான் உயில் எழுதியிட்டன்," என்றாள். "உயிலுக்கு உங்கட சம்மதம் தேவையில்லையாமே."

உண்மைதான். உயிரோடு கொடுப்பதற்குத்தான் புருஷனுடைய கை வேண்டும். செத்த பிறகு போய்ச் சேர எழுதி வைப்பதற்கு வேண்டாம். எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

"எப்ப எழுதினீர்?"

"மூண்டு வருசம்."

"ஆரிட்ட?"

"ஆரிட்டயோ? மிஸ்ஸிட்டத்தான். நீங்கள் ஒரு பின்னேரம் கோட்டுக்குக் கடதாசி குடுக்கப் போனியள். நான் பஸ்ஸில வந்து எழுதிப்போட்டுப் போட்டன்."

மூன்று வருடம்! அந்த மூன்று வருடமும் காலையிலிருந்து பின்னேரம் வரை மிஸ்ஸின் அறைக்கு வெளியே இருந்தவன் நான். ஒரு பார்வையில்கூட அவர் காட்டிக்கொள்ளவில்லை. நானோ ஒரு திகதியைப் பத்து நிமிடம் வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாதவன். பிறகு இன்னொன்று தட்டியது.

"பொறும். நொத்தாரிசு இல்லாமல் எழுதினா எங்கட நாட்டுச் சட்டத்துக்கு அஞ்சு சாட்சி வேணுமே. அஞ்சு பேருக்கு எங்க போனீர்?"

தவமணி விரல் விட்டாள். "மிஸ். வரவேற்பில நிக்கிற பிள்ளை. பக்கத்துக் கந்தோர்க் கணக்காளரும் மனுசியும். பிறகு கீழ பேக்கரிக்காரர்."

"பேக்கரிக்காரனோ! அவன் எனக்கு ஒவ்வொரு நாளும் ரோல்ஸ் தாறவன்!"

"அவையள் நான் கையெழுத்து வைச்சதைத்தான் பார்த்தவை. என்ன எழுதியிருக்கெண்டு தெரியாது."

"என்ன எழுதியிருக்கிறீர்?"

"நான் செத்தாப் பிறகு மிஸ் வாசிச்சுக் காட்டுவா."

கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஒரு நிமிடம். அதற்குப் பிறகு வந்தது பெருமை. என் வீட்டுக்குள் இப்படியொரு ஆள் இருந்ததை அறியாமல் ஊரார் பெண்டுகளுக்கெல்லாம் உறுதி வாசித்திருக்கிறேன். எழுந்து போய் அலுமாரியைத் திறந்தேன். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவளுடைய காணி உறுதி என் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது, திறப்பும் என் கையில்தான். பெட்டியையும் திறப்பையும் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இனி உது உம்மட்டயே இருக்கட்டும்," என்றேன்.

தவமணி பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்:

"வைச்சிட்டுச் சாப்பிட வாங்கோ. ஊர்க் காணிப் பதிவுக் கந்தோரில உறுதியின்ர அத்தாட்சிப் பிரதி எடுப்பிச்சு எப்பவோ மிஸ்ஸிட்டக் குடுத்திட்டன்."